இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை: கிளட்ச் ஸ்லிப்பை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் சட்டென்று ஏறுகிறது, வேகம் மட்டும் கூடவே ஏறவில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று சொல்வது இதைத்தான். இப்படி ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் காதில் விழும் பதில், "பிளேட் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்." பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிளேட் நன்றாக இருக்கும்போதே ஸ்லிப் ஆக வைக்கும் காரணங்களும் உண்டு. அவற்றில் சில, கியர்பாக்ஸைத் தொடாமலே சரியாகிவிடும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது சின்ன வேலை இல்லை. அதனால் வெளியில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

கொஞ்சம் அடிப்படை தெரிந்திருந்தால் மீதி எல்லாம் சுலபம். இன்ஜினின் பின்பக்கம் பிளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட், அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் கோத்திருக்கும். பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங்தான் மூன்றையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும், பிடி விடும். காலை எடுத்தால் பிடி திரும்ப வரும்.

ஆக, ஸ்லிப் என்றால் ஸ்பிரிங்கின் பிடி போதவில்லை. உராயும் பரப்பு தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஸ்பிரிங்கே தளர்ந்திருக்கலாம். இல்லையென்றால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று ரிலீஸ் பேரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள்.

## முதலில், இது ஸ்லிப்தானா?

பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால், ஒரு கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. இன்ஜினிலிருந்து சக்கரம் வரை நடுவில் இருப்பதெல்லாம் பல்லோடு பல் கோத்த சக்கரங்கள். 4-ஆம் கியரில் 2000 ஆர்பிஎம்மில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும் வண்டி, 3000-இல் 90 போகும். ஏற்றமோ இறக்கமோ, வண்டி நிறைய ஆளோ, இந்தக் கணக்கு மாறாது. மாறுகிறது என்றால், அந்தச் சங்கிலியில் வழுக்கக்கூடிய ஒரே இடம் கிளட்ச்.

இதை வைத்தே சோதனை செய்யலாம். உலர்ந்த, ஆளில்லாத, சமமான சாலையில் 4-ஆம் கியரில் மென்மையாக ஓட்டி, 60-இல் என்ன ஆர்பிஎம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே கியரில், அதே 60-இல், ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்துப் பாருங்கள். முன்பு 2000 காட்டியது இப்போது 2600 காட்டினால் சந்தேகமே வேண்டாம், ஸ்லிப்தான். மீட்டரைப் பார்க்கும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், உங்கள் கண் சாலையில் இருக்கட்டும். வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லையென்றால், ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்கும் கருவியை மாட்ட வண்டியில் இருக்கும் இடம்) செருகும் சின்ன ரீடர் ஒன்று போதும். ஆர்பிஎம், வேகம் இரண்டையும் போனில் காட்டிவிடும்.

இரண்டு முள்ளும் சேர்ந்தே மந்தமாக ஏறினால் கிளட்ச் மேல் பழி போடாதீர்கள். அது இன்ஜின் இழுக்காத பிரச்சினை. அடைத்த ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பிளந்துபோன டர்போ ஹோஸ், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என்று வேறு பட்டியல். பிக்கப் இல்லை என்ற ஒரே புகாருக்காக நல்ல கிளட்சைக் கழற்றிப் போடுவதைத் தடுக்க இந்த ஒரு சோதனை போதும்.

எந்த கியரில் சோதிக்கிறோம் என்பது முக்கியம். முதல் கியரில் நன்றாகக் கிளம்புகிறதே, கிளட்ச் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் கியரில் வண்டி சட்டென்று முன்னே ஓடிவிடும், இன்ஜினின் முழு முறுக்குவிசை கிளட்ச் மேல் நிலைத்து நிற்க நேரமே இருக்காது. மேல் கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் வேகமெடுக்கும். அப்போது இன்ஜின் தன் முழு முறுக்குவிசையையும் பல விநாடிகள் கிளட்ச் மேலேயே வைத்திருக்கும். பலவீனமான கிளட்ச் அங்கேதான் முதலில் கைவிடும். அதனால் 4 அல்லது 5-ஆம் கியரில் 1500 ஆர்பிஎம்மில் ஆரம்பித்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து 3000 வரை கொண்டுபோய்ப் பாருங்கள். டர்போ டீசல் என்றால் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும் 1750 முதல் 2500 வரையிலான பகுதியைக் கவனியுங்கள். நல்ல கிளட்ச் என்றால் முள் ஒரே சீராக ஏறும். தளர்ந்த கிளட்ச் என்றால் நடுவில் எங்கோ சில நூறு ஆர்பிஎம் திடீரென்று துள்ளும், காலைத் தளர்த்தியதும் இறங்கிவிடும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுச் செய்யும் சோதனை ஒன்று எல்லோரும் சொல்வது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னால் ஆளோ சுவரோ இல்லை என்று பார்த்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, 3 அல்லது 4-ஆம் கியரில் 1500-2000 ரேஸ் கொடுத்து கிளட்சை நிதானமாக விட வேண்டும். இன்ஜின் உடனே திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. பெடலை முழுதாக விட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் பிடி போய்விட்டது. நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். ரொம்பவும் போய்விட்ட கிளட்சைத்தான் இது காட்டிக்கொடுக்கும், ஆரம்ப ஸ்லிப் இதில் தப்பிவிடும். ஹேண்ட் பிரேக் பலவீனமாக இருந்தால் வண்டி நகர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பிளேட் எரிகிறது. ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில், கிளம்பும்போது பிரேக் தானே விடுபடும் வசதி இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம்.

## பெடல் மேலே வந்துதான் பிடிக்கிறது, அல்லது கனத்துவிட்டது

இது கேபிள் வண்டியில் ஒரு மாதிரி, ஹைட்ராலிக் வண்டியில் இன்னொரு மாதிரி. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். பெடலிலிருந்து ஒரு கம்பி நேராக கியர்பாக்ஸ் லீவருக்குப் போனால் கேபிள். சின்ன சிலிண்டரும் பைப்பும் போனால் ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தில் வேலை செய்வது.

கேபிள் வண்டியில் பெடலை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும், அதற்குப் பிறகு கனக்க வேண்டும். அந்த ஃப்ரீ பிளே பல வண்டிகளில் 10 முதல் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கும், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேயத் தேய ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கமாக நகர்ந்து வரும். அதனால் ஃப்ரீ பிளே தானாகவே குறைந்துகொண்டு போகும். பூஜ்யம் ஆனதும், யாரும் மிதிக்காமலே பேரிங் விரல்களை அழுத்த ஆரம்பித்துவிடும். நாள் முழுக்கப் பெடல் மேல் கால் வைத்து ஓட்டுவது மாதிரிதான். இந்த நிலையில் பிளேட் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஸ்லிப் தொடங்கிவிடும். அட்ஜஸ்டிங் நட்டைத் திருகி ஃப்ரீ பிளேயைச் சரியாக வைத்து, அதே சாலையில் அதே கியரில் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஸ்லிப் நின்றுவிட்டால், கொஞ்ச நாள் ஓட்டலாம். நட்டில் திருக இடமே இல்லையென்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

தானே அட்ஜஸ்ட் ஆகும் கேபிள் உள்ள வண்டிகளும் உண்டு. அதில் நீளத்தை அட்ஜஸ்ட் செய்யும் பல் அமைப்பான ராட்செட் சிக்கிக்கொண்டால் இதே கதைதான். கேபிள் உறைக்குள் துரு பிடித்து, பெடல் முழுதாகத் திரும்பாமல் நிற்பதும் நடக்கும். பெடலை மிதித்து விட்டபின் கால்விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். இன்னும் மேலே வருகிறதா? அப்படியானால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் கேபிளையும் பாருங்கள். தரை மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் வண்டியில் தேய்மானத்தைச் சிஸ்டம் தானே ஈடுகட்டிக்கொள்ளும். பிளேட் தேயும்போது, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பின்னுக்குப் போகும், திரவம் கொஞ்சம் கிளட்ச் திரவ டப்பாவுக்குத் திரும்பும். பெடல் பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. பெடல் பழையபடியே இருக்கிறது, அதனால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்ற கணக்கு இங்கே செல்லாது. பெடல் முன்பைவிடக் கனத்திருந்தால் அதைக் கவனியுங்கள். தேய்ந்த பிளேட்டோடு டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் கோணம் மாறி, மிதிக்க அதிக விசை கேட்கும்.

## குளிரில் சரி, சூடானதும் ஸ்லிப்

காலையில் கிளம்பும்போது எந்தக் குறையும் இல்லை. அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டியதும் ஆர்பிஎம் துள்ளுகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் திரும்பச் சரியாகிறது. ஹைட்ராலிக் வண்டியில் இந்த அறிகுறியைக் கண்டால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள்: சிஸ்டத்துக்குள் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறதா?

பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து அந்தத் துளையைத் திறக்கும், மிச்ச அழுத்தம் டப்பாவுக்குப் போய்விடும். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள புஷ்ராடில் இம்மி அளவுகூட ஆட்டம் இல்லாதபடி அட்ஜஸ்ட் செய்திருந்தால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, துளை மூடியே இருக்கும். இன்ஜின் சூட்டில் திரவம் விரியும். போக வழி இல்லாத அந்த அழுத்தம் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். குளிர்ந்ததும் சரியாகிவிடுவது இதனால்தான். தவறான எண்ணெய் ஊற்றி உள்ளே ரப்பர் சீல்கள் ஊதிப்போனாலும், பழைய ஹோஸ் உள்பக்கம் வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாமல் தடுத்தாலும் இதே அறிகுறிதான்.

சோதனை சுலபம். ஸ்லிப் ஆகிக்கொண்டிருக்கும் சூடான நிலையிலேயே வண்டியை நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரின் பிளீட் ஸ்குருவை (காற்றை வெளியேற்றத் திறக்கும் ஸ்குரு) ஒரு கணம் தளர்த்திப் பாருங்கள். பெடலை யாரும் மிதிக்கக் கூடாது. திரவம் பீச்சி வந்து, ஸ்குருவை இறுக்கிய பிறகு ஸ்லிப் நின்றிருந்தால் பிளேட்டில் குறை இல்லை. மாஸ்டர் சிலிண்டர், புஷ்ராட், ஹோஸ் இந்த மூன்றில் ஒன்றுதான். கிளட்சில் இருப்பதும் பிரேக் திரவம்தான், அது பெயிண்டைத் தின்னும், கண்ணில் பட்டாலும் ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றிச் செய்யுங்கள். உள்ளே காற்று போயிருந்தால் அப்புறம் பிளீட் செய்து அதை வெளியேற்ற வேண்டியிருக்கும். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அதில் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூடியில் எழுதியிருக்கும் திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

அழுத்தம் எதுவும் மாட்டவில்லை, இருந்தும் சூட்டில் ஸ்லிப் ஆகிறது என்றால், உராயும் பரப்பு சூட்டில் பளபளவென்று மெழுகிப் போயிருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது சூடானதும் எண்ணெய் கசிகிறது. இவை எல்லாமே உள் வேலை.

## கருகல் வாசனை

கிளட்ச் எரியும் வாசனை ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. ஆனால் எரியும் பிரேக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வீசும். வண்டியை நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனலடித்தால் அது பிரேக்.

செங்குத்தான சரிவில் ரிவர்ஸில் நெடுநேரம் ஏற்றியோ, சேற்றிலிருந்து வெளியே எடுத்தோ வாசனை வந்தால், அதுவே கிளட்ச் போய்விட்டது என்று ஆகாது. ஆற விட்டு, மேல் கியர் சோதனையைச் செய்யுங்கள். கணக்கு மாறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். சாதாரண சாலையில், சாதாரணமாக ஓட்டும்போதே வாசனை வந்தால் அது வேறு விஷயம். அப்போது கிளட்ச் தொடர்ந்து வழுக்கிக்கொண்டிருக்கிறது.

## வண்டிக்கு அடியில் எண்ணெய்

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் பாருங்கள். அங்கே எண்ணெய் சொட்டினால், உள்ளே கிளட்சிலும் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கறுத்து இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் கசிகிறது. கெட்டியாக, கந்தக வாசனையோடு இருந்தால் கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் கசிகிறது. தண்ணீர் போல இருந்து, கிளட்ச் திரவ டப்பாவிலும் அளவு குறைந்துகொண்டே வந்தால், கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் வகை ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. ஆனால் வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து வழிந்த ஆயிலும் இதே இடத்துக்கு வந்து சொட்டும். மேலிருந்து துடைத்துவிட்டு, மறுநாள் எங்கிருந்து ஈரம் தொடங்குகிறது என்று பாருங்கள்.

எண்ணெய் ஊறிய பிளேட்டை பிரேக் கிளீனர் அடித்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவதும் வீண்.

## ஒரே ஒரு கியரில்தான், அல்லது வண்டி நகரவே இல்லை

கிளட்ச் எல்லா கியருக்கும் பொதுவானது. மேல் கியரில் முதலில் ஸ்லிப் ஆகும், மோசமாகும்போது கீழ் கியருக்கும் பரவும். 3-ஆம் கியரில் மட்டும் சிக்கல், 4, 5 இரண்டிலும் முழு ஆக்சிலேட்டரில்கூட ஒன்றுமில்லை என்றால் கியர்பாக்ஸைப் பாருங்கள், கியர் பாதியில் நழுவுகிறது.

எந்த கியரிலும் வண்டி அசையவில்லை, இன்ஜின் மட்டும் சும்மா ஓடுகிறது என்றால், அது திடீரென்று வந்ததா என்று யோசியுங்கள். நாள்கணக்கில் ஸ்லிப் ஆகி வந்து நின்றால் பிளேட் முழுதாகத் தேய்ந்துவிட்டது. நேற்று வரை எந்தக் குறையும் இல்லாமல், ஒரு சத்தத்தோடு நின்றால், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கழன்றிருக்கலாம், அல்லது பிளேட்டின் நடுவில் உள்ள பல்வரிசை சிதைந்திருக்கலாம். டிரைவ் ஷாஃப்ட்டை அடியில் பார்த்தே சொல்லிவிடலாம்.

கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போடும்போது நறநறவென்கிறது என்றால் அது ஸ்லிப்புக்கு நேர் எதிர். கிளட்ச் முழுதாக விடவில்லை. அதற்கு ஃப்ரீ பிளே அதிகமா, சிஸ்டத்தில் காற்றா, திரவக் கசிவா என்று தேட வேண்டும்.

## அதுவரை ஓட்டலாமா?

பட்டறை வரை ஓட்டிப் போகலாம், மென்மையாக. சுமை வேண்டாம், ஏற்றம் வேண்டாம், மேல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டாம். ஆர்பிஎம் துள்ளினால் உடனே காலைத் தளர்த்துங்கள். ஸ்லிப் ஆகும் ஒவ்வொரு விநாடியும் சூடுதான். அந்தச் சூடு பிளேட்டோடு நிற்காமல் பிளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீலத் திட்டுகளையும் வெடிப்புகளையும் உண்டாக்கும். தள்ளிப் போடப் போட மாற்ற வேண்டிய பாகங்கள் கூடும். முந்திச் செல்லும்போது இழுவை கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

## கியர்பாக்ஸை இறக்கிய பிறகு

இறக்கியதும் நேரில் போய்ப் பாருங்கள், அல்லது பழைய பாகங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளேட்டின் ரிவெட் தலைக்கு மேல் உராயும் பொருள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அளக்கலாம். பல கையேடுகளில் 0.3 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை. பொருள் தாராளமாக இருந்தும் ஸ்லிப் ஆகியிருந்தால், காரணம் இன்னும் கிடைக்கவில்லை. எண்ணெய்க் கறையைத் தேடுங்கள், ஸ்பிரிங் விரல்களின் முனைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால் பிளைவீல் பரப்பிலோ பிரஷர் பிளேட்டிலோ கோளாறு. இந்தத் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய வண்டிகளின் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் பழையதாக விட்டால், அது கத்த ஆரம்பிக்கும்போது முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்குவது) உள்ள வண்டியில் அதையும் பாருங்கள். பின்பக்க சீலில் லேசான ஈரம் இருந்தால்கூட இப்போதே மாற்றிவிடுவதுதான் புத்தி. பிளைவீலில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கடைய வேண்டும். டூயல் மாஸ் பிளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக இருப்பது) என்றால் கடைவது சரிவராது, ஆட்டம் எல்லை மீறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

## புது கிளட்ச் போட்டும் ஸ்லிப்

முதல் சில நூறு கிலோமீட்டர் புதுப் பரப்புகள் ஒன்றோடொன்று படிய வேண்டும். அதுவரை முழு ஆக்சிலேட்டர் சோதனை வேண்டாம். அதற்குப் பிறகும் ஸ்லிப் என்றால் வேலையில்தான் தேட வேண்டும். புதுப் பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் எண்ணெயைத் துடைக்காமலே மாட்டியிருக்கலாம். இன்புட் ஷாஃப்ட் பல்வரிசையில் கிரீஸை அப்பிவிட்டு, அது சுழன்று பிளேட்டில் தெறித்திருக்கலாம். அங்கே மெல்லிய பூச்சுதான் வேண்டும். பிளைவீல் பக்கம் என்று குறித்திருக்கும் முகத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம். பிளேட் அளவோ பிரஷர் பிளேட்டோ அந்த இன்ஜினுக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம். இன்ஜின் ட்யூனிங் செய்து முறுக்குவிசையைக் கூட்டிய வண்டி என்றால், கம்பெனி அளவு கிளட்சுக்கு அது தாங்காமலும் போகலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், வெளியே உள்ளவற்றைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். கேபிளில் ஃப்ரீ பிளே வைத்தார்களா? புஷ்ராடுக்கு ஆட்டம் இருக்கிறதா? பழைய பிளேட்டையே ஸ்லிப் ஆக வைத்தது அடைபட்ட ஹோஸாக இருந்திருந்தால், புதுப் பிளேட்டையும் அது அதே போல எரித்துக்கொண்டிருக்கும்.